கிண்டர் மேட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை

ராச்டேல் என்னும் ஊரைக் கூட்டுறவு அன்பர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் மாலையில், டோட் லேன் என்னும் சிறு தெருவில், மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸ் நொய்யும் மெழுகுவத்தியும் வைத்துக் கடை திறந்த 28 முன்னோடிகளின் வரலாறு நம் சங்கக் கூட்டங்களில் பலமுறை சொல்லப்பட்டு வருவது. அவர்களுள் கணிசமானோர் கம்பளித் துணி நெய்தவர்கள் என்பதும் நாம் அறிந்ததே. அந்த ராச்டேலையும் அதைச் சூழ்ந்த நெசவூர்களையும் ஒட்டினாற்போல் வடக்குத் தெற்காக ஓடுகிறது பென்னைன் மலைத்தொடர். ஆலைகளின் புகைபோக்கிகளுக்கு அப்பால், மரமற்ற பழுப்பு நிற மேடுகள் அவ்வூர்களில் வாழ்வோரின் கண்ணுக்கு நாள்தோறும் தெரிந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரிந்த அவ்விடத்துக்குக் காலால் நடந்து போனதற்காக இளைஞர் ஐவர் சிறை சென்ற வரலாறு ஒன்று உண்டு. அந்நடை நிகழ்ந்தது 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிய அந்த ஒரு நாள் மலை நடையைப் பற்றியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

லங்காஷயர் என்ற பெயர் நம் நெசவாளர் செவியில் இனிமையாக விழுவதன்று. அங்கிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஆலைத் துணி நம் தறிகளை எவ்வாறு ஓயச் செய்தது என்பதைப் பாட்டனார் வாயிலாகக் கேட்டறிந்த குடும்பங்கள் நம்மிடையே பல. ஆயினும் அத்துணியை நெய்தவன் அரண்மனையில் வாழவில்லை என்பதையும் நியாயமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் சங்கு ஒலிக்கும்; பஞ்சுத் தூசியும் நீராவியும் நிறைந்த கூடத்தில் பகலெல்லாம் நிற்க வேண்டும்; தறிகளின் ஓசையில் பக்கத்திலிருப்பவரின் பேச்சுக் கேளாது; உதட்டசைவைப் பார்த்தே ஒருவர் சொல்வதை மற்றவர் அறிந்துகொள்வர். ஞாயிறு ஒன்றே முழு ஓய்வு. ஆண்டுக்கு ஒருமுறை ‘வேக்ஸ் வாரம்’ என்று ஊர் ஆலைகள் அனைத்தும் ஒருங்கே மூடப்படும். அந்த வாரத்துக்கு நெடுங்காலம் கூலி கிடையாது. ஆகவே தொழிலாளர் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேமிப்புச் சங்கங்களில் பணம் கட்டி, அதனைக் கடற்கரையூர்களுக்குச் சென்று ஒரே வாரத்தில் செலவிட்டு வருவர்.

இவ்வழக்கத்தைக் கண்டு கவலையுற்றவர் டி. ஏ. லியோனார்டு என்பவர். கோல்ன் என்னும் நெசவூரில் அவர் பாதிரியாராக இருந்தார். 1891-ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொழிலாளர் சுமார் 30 பேரை ஏரி மாவட்டத்திலுள்ள ஆம்பிள்சைடு என்னும் ஊருக்கு அழைத்துச் சென்று, மலைகளில் நடத்திக் காட்டினார். செலவைப் பகிர்ந்துகொள்வது, எளிய உணவு, எளிய தங்கல், கூட்டு நடை என்பவை அவருடைய ஏற்பாட்டின் அடிப்படை. அதிலிருந்து ‘கூட்டுறவு விடுமுறைச் சங்கம்’ என்றே பெயர் கொண்ட ஓர் அமைப்பு அடுத்த சில ஆண்டுகளில் தோன்றியது. கூட்டுறவு என்றால் கடன், விதை, நூல், பாவு என்று மட்டும் நினைக்கப் பழகிய நமக்கு, மலையேறுவதற்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது என்பது சற்று வியப்பாகவே தோன்றக்கூடும்.

ஆனால் ஏரி மாவட்டம் ஆலையூர்களுக்கு அண்மையில் இல்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில், குறைந்த ரயில் கட்டணத்தில், போய்த் திரும்பத்தக்க மலை வேறு. மான்செஸ்டர் நகருக்கும் ஷெஃபீல்டு நகருக்கும் இடையே, இரு நகரத்தாரும் காலையில் சென்று இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில், கிண்டர் ஸ்கவுட் என்னும் மேடு அமைந்திருக்கிறது. உயரம் 2,087 அடி. நம் நீலகிரியையும் பழனி மலையையும் கண்டவருக்கு அது குன்று என்றே தோன்றும். கூரிய சிகரமும் அதற்கில்லை. மேலே ஏறிவிட்டால் பல மைல் பரப்புள்ள மேட்டு நிலம். காலடியில் ‘பீட்’ என்னும் கரிய ஈர மண். முற்றும் மக்காத பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அழுந்திக் கிடந்து உண்டான மண் அது. மழைநீர் அதனை அறுத்து, ஆள் உயரத்துக்கும் மேலான வாய்க்கால்களாகப் பிளந்துவிட்டிருக்கிறது. மூடுபனி இறங்கினால் திசை தெரியாது. மேற்கு விளிம்பில் சுமார் 100 அடி வீழும் அருவி ஒன்று உண்டு. காற்று எதிர்த்து அடிக்கும் நாளில் அதன் நீர் கீழே விழாமல் புகை போல் மேல்நோக்கி எழும்பும். வாரம் முழுதும் புகையும் பஞ்சும் சுவாசித்தவர்களுக்கு அந்தக் காற்றே போதுமானதாக இருந்தது.

அக்காற்றைச் சுவாசிக்கத்தான் தடை. கிண்டர் மேடு முற்காலத்தில் சுற்றுவட்டாரத்தார் ஆடு மேய்த்தும் எரிபொருளுக்காகப் பீட் மண் வெட்டியும் வந்த பொது நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நிலங்களை வளைத்து உரிமையாக்கும் சட்டங்களின்கீழ் அது பெருநில உடைமையாளர் சிலருக்குப் பங்கிடப்பட்டது. பின்னர் அம்மேட்டிலிருந்து வந்த பயன் பெரும்பாலும் கௌதாரி இனத்ததான ‘க்ரௌஸ்’ பறவை வேட்டையே. ஆகஸ்டு 12-ஆம் நாள் தொடங்கும் அவ்வேட்டைக்குச் சீமான்கள் துப்பாக்கியுடன் வருவர். பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடத்தில் மனிதர் நடமாட்டம் கூடாதென்று ஆண்டு முழுவதும் வேட்டைக்காவலர் தடியுடன் சுற்றிவருவர். ‘அன்னியர் பிரவேசிக்கக் கூடாது’ என்ற பலகைகள் எங்கும் நிற்கும். பரந்த அம்மேட்டில் பொதுமக்கள் சட்டப்படி நடக்கத்தக்கவை ஓரங்களிலுள்ள ஒரு சில ஒற்றையடிப் பாதைகளே. அவற்றையும் சும்மா பெறவில்லை. 1876-இல் ஹேஃபீல்டு ஊரில் தோன்றிய பண்டைப் பாதைப் பாதுகாப்புச் சங்கமும், 1894-இல் தோன்றிய மற்றொரு சங்கமும் ஆண்டுக்கணக்கில் பேசியும் எழுதியும் வாதாடியும், 1897-இல்தான் கிண்டரின் வடமேற்கு ஓரமாகச் செல்லும் ‘ஸ்னேக்’ பாதையைத் திறந்துவைக்க முடிந்தது.

போல்ட்டன் நகரத்தார் இதற்கு ஓராண்டு முன்பே வேறொரு வழியைக் காட்டியிருந்தார்கள். அது நூற்பாலைகள் மிகுந்த ஊர். அதன் அருகிலுள்ள வின்ட்டர் ஹில் என்னும் மேட்டுக்குச் செல்லும் பாதையை நில உடைமையாளர் ஒருவர் கதவிட்டு அடைத்தார். அவர் யாரெனில், துணி வெளுக்கும் ஆலைகளால் செல்வம் திரட்டிய ஐன்ஸ்வர்த் குடும்பத்தவர். ஊரார் நூற்றதையும் நெய்ததையும் வெளுத்துப் பெற்ற பணத்தால் வாங்கிய நிலத்தில், ஊரார் நடக்கலாகாது! 1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு அக்கதவைக் கடந்து நடந்தார்கள். உடைமையாளர் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு அவருக்கே சாதகமாயிற்று. கூட்டம் கலைந்தது. எழுச்சி பெரிது, கிடைத்த பலன் சிறிது.

பாராளுமன்றத்திலும் முயற்சிகள் நடவாமல் இல்லை. ஜேம்ஸ் பிரைஸ் என்பவர் மலைகளில் நடக்கும் உரிமைக்கான முதல் மசோதாவை 1884-இல் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. பிறகு கொண்டுவரப்பட்டவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஐம்பது ஆண்டு மனுப்போட்டுக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவே. 1932-இல் நடந்ததை மதிப்பிடும்போது இக்காத்திருப்பையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வேலையற்ற ஊர்களும் வேலியிட்ட மலையும்

1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் வணிகம் வீழ்ந்தது. லங்காஷயரின் பஞ்சாலைத் தொழில் அதற்கு முன்பே நலிந்திருந்தது. வெளிநாட்டுச் சந்தைகள் சுருங்கின. இந்தியச் சந்தையும் அவற்றுள் ஒன்று. அந்நியத் துணி பகிஷ்காரம் இங்கே தீவிரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. வட்டமேஜை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றிருந்த காந்தியடிகள் 1931-ஆம் ஆண்டு செப்டம்பரில் லங்காஷயருக்கே போய், டார்வென் நகருக்கு அருகிலுள்ள ஸ்பிரிங்வேலில் தங்கி, வேலையிழந்த ஆலைத் தொழிலாளரை நேரிற் கண்டு பேசினார். அவர்களும் பகையின்றி அவரை வரவேற்றனர். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. நம் வாசகர் பலரும் அதனைக் கண்டிருப்பர்.

வேலையில்லாதவனிடம் காசில்லை, ஆனால் பொழுது இருக்கிறது. பட்டணத்துத் தெருக்களில் வெறுமனே நிற்பதைவிட மலையில் நடப்பது மேலென்று எண்ணிய இளைஞரும் யுவதிகளும் ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கில் மான்செஸ்டரை விட்டுப் புறப்பட்டனர். அரைக்கால் சட்டை, ஆணி அடித்த கனத்த காலணி, முதுகில் ஒரு பை, பையில் ரொட்டியும் தேநீரும். ஹேஃபீல்டு ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்துக்கு அங்குள்ள இரண்டொரு பாதைகள் போதவில்லை. ஒருவர் பின் ஒருவராக நெருக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சற்று விலகினால் காவலர் அதட்டுவர். இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் மனிதரற்ற வெட்டவெளி.

1932-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் ‘பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனம்’ என்ற அமைப்பினர் அப்பகுதியில் முகாமிட்டிருந்தனர். இவ்வமைப்பு பொதுவுடைமைக் கட்சியினரின் செல்வாக்குக்கு உட்பட்டது. இளைஞர்களே அதில் மிகுதி. முகாமிலிருந்து நடக்கச் சென்ற சிறு குழு ஒன்றை வேட்டைக்காவலர் மறித்து, வசைமொழி கூறித் திருப்பியனுப்பினர். முகாமுக்கு மீண்டவர்கள் அன்றிரவு பேசியது ஒன்றே: நாம் பத்துப் பேராகச் சென்றோம், திருப்பினார்கள், நானூறு பேராகச் சென்றால் திருப்ப முடியுமா? கூட்டுறவின் கணக்கும் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் அப்பெயரை இடவில்லை.

ஏப்ரல் 24

அவர்களுக்கு முன்நின்றவர் பென்னி ராத்மன். அப்போது வயது இருபது. ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன், மான்செஸ்டரில் மோட்டார்த் தொழிலில் இருந்தவர், குள்ளமான உருவத்தினர். செய்யப் போவதை மறைத்து வைக்காமல் முன்கூட்டியே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். ஏற்கெனவே இருந்த நடைச் சங்கங்களின் தலைவர்கள் இதனை விரும்பவில்லை. பல்லாண்டு பேச்சுவார்த்தையால் உடைமையாளரிடம் பெற்ற சிறு நல்லெண்ணமும் இதனால் கெட்டுவிடும் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சத்தைக் கோழைத்தனம் என்று இகழ்வது எளிது. ஸ்னேக் பாதைக்காக இருபது ஆண்டு உழைத்த முதியவரின் நிலையில் நின்று பார்த்தால் அவ்வளவு எளிதன்று.

குறித்த நாளில், தடையுத்தரவு கொடுக்கப்படுமென்று எண்ணி, ராத்மன் ரயிலைத் தவிர்த்துத் தோழர் ஒருவருடன் சைக்கிளிலேயே ஹேஃபீல்டு போய்ச் சேர்ந்தார். ஊர் மைதானத்தில் கூட்டம் நடத்துவதாக ஏற்பாடு. அங்கே போலீஸார் நிறைந்திருந்தனர். கூட்டம் கூடலாகாதென ஊராட்சி விதிகளும் ஒட்டப்பட்டிருந்தன. ஆகவே கூட்டம் அங்கிருந்து நடந்து, போடன் பாலத்தருகேயிருந்த பழைய கல்லுடைக்கும் குழிக்குள் போய்க் கூடியது. பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தவர் வரவில்லை. இருபது வயது ராத்மனே ஒரு பாறைமேல் ஏறிப் பேசும்படி ஆயிற்று. பொது நிலம் எவ்வாறு வேலியிடப்பட்டது என்பதையும், அன்று கட்டுப்பாடாக நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார். கூடியிருந்தோர் சுமார் 400 பேர்.

பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் நீர்த்தேக்கத்தைக் கடந்து, வில்லியம் க்ளஃப் என்னும் ஓடைப் பள்ளத்தாக்கில் பொதுப் பாதை வழியே ஏறியது. அதுவரை எவரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. போலீஸார் சிலரும் கூடவே நடந்தனர். ஓரிடத்தில் சீழ்க்கை ஒலித்தது. எல்லோரும் நின்றனர். மீண்டும் ஒலித்தது, வலப்புறமிருந்த சரிவை நோக்கித் திரும்பினர். மூன்றாம் முறை ஒலித்ததும் பாதையை விட்டு விலகி, அகன்ற வரிசையாகப் பரவி, ‘ஹெதர்’ என்னும் குறுஞ்செடிப் புதர்களின் ஊடே சரிவில் ஏறத் தொடங்கினர். மேலே வேட்டைக்காவலர் தடியுடன் காத்திருந்தனர். நானூறு பேரைத் தடுக்க அவர்களால் இயலவில்லை. சில இடங்களில் கைகலப்பு நேர்ந்தது, தடிகள் பிடுங்கப்பட்டன, காவலர் ஒருவர் கீழே விழுந்து கணுக்காலில் அடிபட்டார். பெரும்பாலோர் காவலர் எவரையும் நேரிற் காணாமலே மேலே போய்விட்டனர்.

ஆஷாப் ஹெட் என்னும் இடத்தில், மலையின் மறுபக்கத்து ஈடேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த மற்றொரு குழுவினர் அவர்களை எதிர்கொண்டனர். கைகுலுக்கினர், களிப்பு ஆரவாரம் செய்தனர், கொண்டுவந்ததை உண்டனர், அடிபட்ட காவலருக்காக வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. பிறகு வந்த வழியே திரும்பினர். உண்மையைச் சொல்வதானால் கிண்டரின் மிக உயர்ந்த இடத்தை அன்று அவர்கள் அடையவேயில்லை. அது மேட்டு நிலத்தின் உட்புறத்தில் இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது. உச்சியை எட்டாத ஒரு மலையேற்றமே அந்நாட்டின் மலையேற்றங்களில் மிகுந்த புகழ் பெற்றுவிட்டது.

தலைநிமிர்ந்து, கூட்டம் கலையாமல், ஒன்றாகவே ஊருக்குள் நுழைவோம் என்று முடிவு செய்தனர். தனித்தனியே ஒளிந்து சென்றிருந்தால் ஒருவேளை எவரும் அகப்பட்டிருக்க மாட்டார். ஹேஃபீல்டு எல்லையில் போலீஸார் வழிமறித்து, வேட்டைக்காவலரைக் கொண்டு அடையாளம் காட்டச் செய்து, ஐவரைப் பிடித்தனர். மேட்டிலேயே பிடிபட்ட ஒருவரையும் சேர்த்து அறுவர்.

பிறர் நிலத்தில் நடந்தது அந்நாட்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றமன்று. உடைமையாளர் சிவில் வழக்குத் தொடரலாம், அவ்வளவே. பலகைகளில் தண்டனை என்று எழுதியிருந்ததெல்லாம் வெறும் மிரட்டல். ஆகவே கலகம் விளைக்கக் கூடியமை, அமைதிக் குலைவு, காவலரைத் தாக்கிக் காயப்படுத்தியமை என்ற குற்றச்சாட்டுகளே சுமத்தப்பட்டன. வழக்கு டார்பி நகரில் 1932 ஜூலையில் விசாரிக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நகரத்துத் தொழிலாளர். வழக்கு விசாரணைக்குரியதா என்று முடிவு செய்த பெரிய ஜூரிகளோ இராணுவ அதிகாரிகளும் கிராமத்துச் சீமான்களும். ராத்மன் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். அறுவரில் ஒருவர் விடுதலையானார். மற்ற ஐவருக்கும் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

இத்தீர்ப்பே உடைமையாளருக்கு வினையாயிற்று. அந்நடையை ஆதரியாதவர்களும் மலையில் நடந்ததற்கா சிறை என்று மனம் கசந்தனர். அவ்வாண்டுக் கோடையில் விண்ணட்ஸ் கணவாயில் நடந்த நடையாளர் மாநாட்டுக்குச் சுமார் 10,000 பேர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. முந்தைய ஆண்டுகளில் அவ்வளவு கூட்டம் கண்டதில்லை.

சீட்டித் துணி அச்சிட்ட சிறுவன்

இத்துடன் கதையை நிறுத்தி, நானூறு பேர் நடந்தார்கள், நாடு உரிமை பெற்றது என்று எழுதிவிடுதல் எளிது. அப்படி எழுதுவோரும் உண்டு. நடந்தது அவ்வாறன்று. 1939-இல் மலைகளில் நடக்கும் உரிமைக்கென ஒரு சட்டம் ஒருவழியாக நிறைவேறியது. ஆனால் பாராளுமன்றத்தில் அது படாத பாடுபட்டு, சில இடங்களில் அத்துமீறி நடப்பதையே குற்றமாக்கும் பிரிவு ஒன்றையும் ஏந்திக்கொண்டு வெளிவந்தது. தங்களுக்கு வேண்டாத சட்டம் என்று நடையாளரே அதனை வெறுத்தனர்.

இக்கட்டத்தில் மற்றொருவரைக் குறிப்பிட வேண்டும். டாம் ஸ்டீவன்சன் 1893-இல் லங்காஷயரில் பிறந்தவர். 13-ஆம் வயதில் வாலி என்னும் ஊரிலுள்ள சீட்டித் துணி அச்சிடும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களுக்குள் அருகிலிருந்த பெண்டில் மேட்டில் ஏறி, அங்கிருந்து தென்பட்ட மலைகளைக் கண்டு அன்றே மனத்தைப் பறிகொடுத்தார். முதல் உலகப் போரில் மனச்சாட்சி இடங்கொடாது என்று படையில் சேர மறுத்துச் சிறை சென்றார். பிற்காலத்தில் பத்திரிகையாளராகி, 1935-இல் ‘டெய்லி ஹெரால்டு’ இதழில் ஒரு கட்டுரை வரைந்தார்: ஈடேல் பள்ளத்தாக்கில் தொடங்கிப் பென்னைன் தொடரின் முதுகின்மேல் ஸ்காட்லாந்து எல்லை வரை மக்கள் நடக்க ஒரு நெடும்பாதை வேண்டும் என்று. அப்போது அவ்வழியில் பெரும்பகுதி நடக்கத் தடையுள்ள நிலம். கிராமம் கிராமமாக, உடைமையாளர் உடைமையாளராக, பாதை உரிமையைப் பேசிப் பெற்று, வரைபடத்தில் துண்டு துண்டாகக் கோத்து முடிப்பதற்கு முப்பது ஆண்டு பிடித்தது. 268 மைல் நீளமுள்ள பென்னைன் நெடும்பாதை 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. கிண்டர் நடையின் 33-ஆவது ஆண்டு நிறைவு நாளும் அதுவே. ஆனால் இதே ஸ்டீவன்சன் அந்நடையால் பெரிய பயன் விளைந்ததாக ஒப்புக்கொண்டவர் அல்லர். ராத்மன் கட்சியாரும் ஸ்டீவன்சன் கட்சியாரும் இதுபற்றி நெடுங்காலம் வாதிட்டனர். சிறை சென்றவரின் பெயர் இல்லாவிடில் ஊரார் இவ்வுரிமையை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்பதும், மேசையில் அமர்ந்து வரைபடம் வரைந்தவர் இல்லாவிடில் நினைவில் வைக்க எதுவும் இருந்திருக்காது என்பதும் என் கருத்து.

1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடப்பதற்குமான சட்டம் வந்தது. அதன்படி 1951-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட பூங்கா கிண்டரை உள்ளடக்கிய பீக் மாவட்டமே. 1982-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பொது அறக்கட்டளை கிண்டரை விலைக்கு வாங்கியது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம், மலை, மேட்டுப் புதர்வெளி, பொதுமேய்ச்சல் நிலம் ஆகியவற்றில் பாதையை விட்டும் நடக்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமை அளித்தது. 2002-இல் நடையின் 70-ஆம் ஆண்டு விழா நடைபெற்றபோது, கிண்டர் பகுதியில் பெருநிலம் வைத்திருந்த டெவன்ஷயர் டியூக்கின் வழிவந்த பேரர், அப்போதைய டியூக், அக்கூட்டத்துக்கு வந்து, தம் பாட்டனார் காலத்தில் நிகழ்ந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். அதைக் கேட்க ராத்மன் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் 90-ஆம் வயதில் அவர் காலமாகியிருந்தார்.

நம் உழவர் அன்பர் ஒருவர் இங்கே குறுக்கிட்டுக் கேட்பார்: எவனும் எங்கும் நடக்கலாமென்றால் விதைத்தவன் கதி என்ன? கேட்கத்தக்க கேள்வியே. அச்சட்டம் பயிர் நிலத்துக்குப் பொருந்தாது. கடந்த 12 மாதத்துக்குள் உழுத நிலமும், நட்ட நிலமும், வீட்டை ஒட்டிய இடமும், தோட்டமும் விலக்கப்பட்டவை. மார்ச்சு முதல் ஜூலை முடிய, பறவை முட்டையிடும் காலத்தில், நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டும். ஆடுமாடுள்ள இடத்தில் ஆண்டு முழுவதும் அவ்வாறே. பட்டிக் கதவைத் திறந்தவன் மூடிவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே குழந்தைகளுக்கும் கற்பிக்கப்படுவது. உரிமை பெற்ற நிலம் இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் சுமார் 8 விழுக்காடுதான். அந்நாட்டில் இதுபற்றிய வழக்கும் இன்னும் ஓயவில்லை. டார்ட்மூர் என்னும் தென்மேற்கு மேட்டு நிலத்தில் அனுமதி கேளாமல் இரவு தங்கக் கூடாரம் இடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2025 மே மாதத்தில்தான் மக்களுக்குச் சாதகமாக முடிந்தது.

உரிமை கிடைத்ததும் வேறொரு தொல்லை தொடங்கியது. இலட்சக்கணக்கான கால்கள் ஒரே வழியில் மிதித்ததால் பீட் மண் குழம்பிச் சேறாயிற்று. சேற்றைத் தவிர்க்க நடப்போர் ஓரமாக விலகுவர், பாதை அகலும், செடி அழியும், மண் கரையும். ஆலைகளின் புகையும் இதற்கு முன்பே தன் பங்கைச் செய்திருந்தது. நூற்றைம்பது ஆண்டு மான்செஸ்டர்ப் புகைபோக்கிகள் உமிழ்ந்த கரியும் அமிலமும் மழையோடு கலந்து விழுந்து, நீரைப் பிடித்து வைக்கும் பாசியைக் கொன்றுவிட்டன. பாசியற்ற பீட் வெயிலில் காய்ந்து காற்றில் பறக்கும்; மழையில் கரைந்து நீர்த்தேக்கங்களை நிரப்பும். 2003-இல் தொடங்கிய ஒரு கூட்டு முயற்சியினர் இப்போது அதனைச் சீர்செய்து வருகின்றனர். வெற்று மண்மேல் சணலால் நெய்த வலையை விரித்துக் கரையாமல் பிடிப்பது, சுண்ணாம்பும் உரமும் இட்டுப் புல் முளைக்கச் செய்வது, வாய்க்கால்களைக் கல்லாலும் மரத்தாலும் அடைத்து நீரைத் தேக்குவது, பாசியைக் கையால் நடுவது என வேலை நடக்கிறது. சணல் வலை சில ஆண்டில் மக்கி மண்ணோடு கலந்துவிடும். அதற்குள் வேர் பிடித்துவிடும். மண் அரிக்கும் சரிவு நிலமுள்ள உழவர் கவனிக்கத்தக்க முறை இது.

பாதைக்கும் வழி கண்டனர். பஞ்சாலைகள் மூடப்பட்டு இடிக்கப்பட்டபோது, அவற்றின் தளத்தில் பாவியிருந்த பெரிய மணற்கல் பலகைகள் மலிந்து கிடந்தன. அவற்றை ஹெலிகாப்டரில் ஏற்றி மலைமேல் இறக்கி, பென்னைன் நெடும்பாதையில் சேறு மிகுந்த பகுதிகளில் வரிசையாகப் பதித்தனர். சேற்றில் அமிழாமல் அவை மிதப்பதுபோல் கிடக்கின்றன. சில கற்களில் வட்டத் துளைகள் காணப்படும். எந்திரங்களை அசையாமல் நிறுத்த முடுக்கிய ஆணிகளின் துளைகள் அவை.

ஹேஃபீல்டு ரயில் பாதை 1970-இல் மூடப்பட்டுவிட்டது; இப்போது பஸ்ஸில்தான் போக வேண்டும். மறுபக்கத்து ஈடேலுக்கு மான்செஸ்டரிலிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் ரயில் உண்டு. ராத்மன் பேசிய கல் குழியில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து வில்லியம் க்ளஃப் வழியாக ஏறி, விளிம்பையொட்டி அருவிவரை சென்று திரும்பக் குறைந்தது அரை நாள் வேண்டும். மூடுபனி இறங்கும் நாளில் வரைபடமும் திசைகாட்டியும் இன்றிப் போகலாகாது என்று ஊரார் எச்சரிக்கின்றனர். தடுத்து நிறுத்த இப்போது அங்கே எவருமில்லை.